செவியில் தொடங்கும் பாடல்: பங்குப் பாடகர் குழுக்களின் பயிற்சியும் தோழமையும்

தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்குப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள். கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியை, தையற்கடைக்காரர், ஓய்வுபெற்ற அலுவலர் எனப் பலதரப்பட்டவர்கள் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கிக் கூடி, கீபோர்டு வாசிக்கும் ஓர் இளைஞரையும் தபேலாவையோ ரிதம் பேடையோ கையாளும் இன்னொருவரையும் துணையாகக் கொண்டு அந்தப் பணியைச் செய்துவருகின்றனர். இத்தகைய குழுக்களை வளர்க்க முனைவோர் பயிற்சி ஒன்று, தோழமை வேறொன்று எனப் பிரித்தே எண்ணுகின்றனர்: பயிற்சிக்கு இசை தெரிந்த ஒருவரை அழைத்து வகுப்பு நடத்துவது, தோழமைக்கு ஆண்டுக்கொரு சுற்றுலா செல்வது என்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் குழுக்களோடு நெடுங்காலம் பழகியவர்களின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. பக்கத்தில் நிற்பவரின் குரல் தன் காதில் விழும் அளவுக்குத் தன் குரலைத் தாழ்த்தத் தெரிவதே கூட்டாகப் பாடுவதன் முதல் திறன். குழுவுக்குள் மனிதர் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதற்கும் அதுவே முதல் தேவை. ஆதலால் செவியைப் பழக்கும் பயிற்சி தோழமையையும் கூடவே வளர்க்கிறது. செவியைப் பழக்காத பயிற்சி எத்தனை நாள் நடந்தாலும் இரண்டையும் தருவதில்லை.

திருச்சபை கேட்பதும் பங்குகளில் நடப்பதும்

ஆலயப் பாடகர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் பிரான்ஸ் சேவியர் ஹாபெர்ல் 1874இல் திருச்சபை இசைக்கெனத் தனிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். திருத்தந்தை பத்தாம் பயஸ், இசைக் கலைஞரின் பாதுகாவலரான புனித செசிலியாவின் திருநாளாகிய நவம்பர் 22ஆம் நாள், 1903இல் வெளியிட்ட ஆவணத்தில் பாடகர் பள்ளிகளை எங்கும் ஊக்குவிக்குமாறு கேட்டுக்கொண்டார். அதன் தொடர்ச்சியாக ரோமில் 1911இல் திருவிசைக்கான உயர்கல்விக்கூடம் திறக்கப்பட்டது. அந்த 1903ஆம் ஆண்டு ஆவணம் ஆலயத்தில் பியானோவையும் முரசு போன்ற ஓசைமிக்க கருவிகளையும் தடைசெய்ததோடு, பாடகர் குழுவில் பெண்களுக்கும் இடமளிக்கவில்லை. பெண்குரல்களையே பெரிதும் நம்பி நிற்கும் இன்றைய தமிழகக் குழுக்களைப் பார்க்கையில், அதன்பின் எத்தனை பெரிய மாற்றம் நிகழ்ந்தது என்பது விளங்கும்.

அம்மாற்றத்தின் திருப்புமுனை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு ஆகும். பாடகர் குழுவினர் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்று அதன் 29ஆம் எண் கூறுகிறது. பாடகர் குழுக்களைக் கருத்துடன் வளர்க்கவேண்டும் என்று 114ஆம் எண்ணும், இசை அமைப்போருக்கும் பாடுவோருக்கும் திருவழிபாட்டுப் பயிற்சி தரவேண்டும் என்று 115ஆம் எண்ணும் வலியுறுத்துகின்றன. 1967 மார்ச் 5ஆம் நாள் வெளிவந்த திருவிசை பற்றிய அறிவுரை ஏடு இன்னும் ஒரு படி மேலே சென்று, குழுவினருக்கு இசைப்பயிற்சி மட்டும் போதாது, திருவழிபாட்டுப் பயிற்சியும் ஆன்மிகப் பயிற்சியும் சேர்த்தே தரப்படவேண்டும் என்கிறது. மக்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டு எல்லாப் பகுதிகளையும் குழுவே பாடிவிடும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று என்பதையும் அது தெளிவாகக் குறிப்பிடுகிறது.

ஏட்டில் இவ்வாறு இருக்க, பங்குகளில் நடந்தது வேறு. இலத்தீன் வழிபாடு தமிழுக்கு மாறியபோது புதிய பாடல்கள் விரைந்து பெருகின. அவற்றைப் பாடுவோருக்கான பயிற்சி அதே வேகத்தில் பெருகவில்லை. தமிழரான அமலோர்பவதாஸ் அடிகளாரின் தலைமையில் 1967இல் பெங்களூரில் உருவான தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையமும், 1977இல் திருச்சியில் தொடங்கப்பட்ட கலைக்காவிரியும், திண்டிவனத்திலுள்ள தமிழக நடுநிலையமும் இத்துறையில் அறியப்பட்ட நிறுவனங்கள். எனினும் நிறுவனம் ஒன்றுக்குச் சென்று பயில முடிந்தவர் சிலரே. சாதாரணப் பங்கின் கீபோர்டு இளைஞர் ஒலிநாடாவையும் பின்னர் யூடியூபையும் கேட்டே கற்றுக்கொண்டார். ஆகவே பயிற்சி என்பது பங்கின் வாராந்தர ஒத்திகைக்குள்ளேயே நிகழ்ந்தாக வேண்டும் என்பதுதான் நடைமுறை உண்மை.

ஒத்திகையில் ஒரு வரி

ஒத்திகையின் தரத்தை அளக்கப் பதிலுரைப் பாடலைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. பதிலுரைப் பாடல் என்பது முதல் வாசகத்தைத் தொடர்ந்து வரும் திருப்பாடல் பகுதி. அடிகளை ஒருவர் பாட, இடையிடையே பல்லவி போன்ற ஒற்றை வரியை மக்கள் அனைவரும் திரும்பப் பாடுவர். வருகைப் பாடலை மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டிருப்பர். இந்த வரியோ ஞாயிறுதோறும் மாறுவது. ஒரே ஒருமுறை கேட்டவுடன் முன்னூறு பேர் அதைத் திருப்பிப் பாடவேண்டும். எனவே அந்த வரியின் மெட்டு சுருக்கமாகவும், நாலைந்து ஸ்வரங்களுக்குள் அடங்கியதாகவும், பேச்சின் போக்கை ஒட்டியதாகவும் இருத்தல் அவசியம்.

இதைக் கற்பிக்கும்போது முதற் பத்து நிமிடம் கீபோர்டைத் திறக்காமல் இருப்பது நல்லது. குழுவினர் வரியை மூன்றுமுறை உரக்கப் படிக்கவேண்டும்: முதல்முறை சொல் தெளிவுக்காக, இரண்டாம் முறை மூச்சு எங்கே விடுவது என்று குறித்துக்கொள்வதற்காக, மூன்றாம் முறை பொருளுக்காக. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன ஆதலால், மெட்டுக்காகக் குறிலை நீட்டும் பழக்கத்தை இந்தக் கட்டத்திலேயே களையவேண்டும். ‘மலை’ என்ற சொல்லின் முதலெழுத்து நீண்டால் கேட்பவர் காதில் ‘மாலை’ விழுகிறது, ‘விடு’ நீண்டால் ‘வீடு’ ஆகிறது. மூச்சுப் பிழை இதனினும் மோசமானது. ‘இரக்கத்தை’ என்ற சொல்லை ‘இரக்’ என்று நிறுத்தி மூச்சு வாங்கிக் ‘கத்தை’ என்று தொடரும் குழுக்கள் பல உண்டு; இறைவனின் இரக்கத்தை எண்ணி நிற்கவேண்டிய சபைக்கு வைக்கோல் கத்தை நினைவுக்கு வந்தால் குற்றம் சபையினுடையது அன்று.

சொல்லே தாளத்தை நடத்தவேண்டும் என்ற இந்தப் பாடத்தை மிகத் தெளிவாகக் கற்பிப்பது கிரகோரியன் இசை, அதாவது துணைக்கருவியின்றி ஒற்றைக் குரல்வரிசையில், தாளக்கட்டுக்கு உட்படாமல், இலத்தீன் உரையின் போக்கில் பாடப்படும் பழைய வழிபாட்டிசை. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கூய்தோ, திருமுழுக்கு யோவானைப் போற்றும் பாடலொன்றின் அடிகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு ஸ்வரம் உயர்ந்து தொடங்குவதைக் கண்டு, அவ்வடிகளின் முதல் அசைகளையே ஸ்வரப் பெயர்களாக்கிச் சிறுவர்க்குப் பாடக் கற்பித்தார். மேற்கத்திய ‘தோ, ரே, மி’ பிறந்தது அவ்வாறே. ஸரிகமவில் பழகிய தமிழ்ப் பாடகருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. நற்கருணை ஆசீரில் பாடப்படும் ‘தாந்தும் எர்கோ’வை இலத்தீனில் மனப்பாடமாக அறிந்த முதியவர்கள் இன்னும் பங்குகளில் இருக்கின்றனர், அவர்களில் ஒருவரை ஒத்திகைக்கு அழைத்து, தபேலா இல்லாமல் அதனை இளையோருக்குக் கற்றுத்தரச் செய்தால், தாளப்பெட்டியின் துணையின்றியும் இருபது பேர் ஒன்றாக நகரமுடியும் என்பதைக் குழு தன் அனுபவத்திலேயே கண்டுகொள்ளும்.

கட்டையும் கருவியும்

மக்கள் பாடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் பக்திக் குறைவு காரணமன்று, சுருதியே காரணம். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணியதால் வந்த வழக்கு: ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு கட்டை, ‘ஜி’ ஐந்து கட்டை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை வசதி. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை வசதி. இருபாலரும் முதியவரும் சிறுவரும் கலந்த சபைக்கு இவற்றுள் எதுவுமே நேரடியாகப் பொருந்துவதில்லை. ஆகவே பாடலின் ஆதாரச் சுருதியைப் பார்ப்பதைவிட, அதன் மிக உயர்ந்த ஸ்வரம் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. அந்த உச்ச ஸ்வரம் நடுத்தாயியின் ‘சி’க்கு மேலுள்ள அடுத்த ‘சி’யையோ மிஞ்சினால் ‘டி’யையோ தாண்டாதபடி அமைத்தால் சபை சரணத்திலும் வாய் திறக்கும். பல்லவியில் முழங்கிய மக்கள் அனுபல்லவியில் தேய்ந்து சரணத்தில் மௌனமாகிவிட்டால், தவறு கட்டையில் இருக்கிறது என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

இங்கே கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தான் கைகொடுக்கிறது, கேடும் செய்கிறது. விரல்கள் ஒரே ஸ்கேலில் பழகியிருக்க, பொத்தானை அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி அவசரத்துக்கு உதவும். ஆனால் முந்தைய பாடலுக்கு ஏற்றிய எண்ணை மறந்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும்போது முதல் வரியே எட்டாத உயரத்தில் நிற்க, குழு நடுவில் நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டியதாகிறது. பாடல் வரிசையைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கட்டையையும் பொத்தான் எண்ணையும் குறித்துக் கீபோர்டின் மேல் ஒட்டிவைப்பது சிறிய செயல். ஆயினும் பெரும்பாலான விபத்துகளைத் தவிர்ப்பது அதுவே. அதேபோல், கருவி தானாகவே தாளமும் பேஸும் வாசிக்கும் ‘ஸ்டைல்’ வசதியைப் பதிலுரைப் பாடலுக்கும் தியானப் பாடலுக்கும் அணைத்துவிடவேண்டும். இயந்திரத் தாளம் ஓடும்போது சொல்லுக்காக ஒரு கணம் நிற்க யாராலும் முடியாது. முன்பதிவு செய்த இசைத்தடத்தை ஒலிக்கவிட்டு அதன்மேல் பாடுவதும் இதே குறையை உடையது: குருவானவர் பலிபீடத்தை அடைந்துவிட்டாலும் தடம் முடியும்வரை குழு காத்திருக்க நேரிடுகிறது.

இதனால் கருவி வாசிப்பவருக்கு விரல்திறனோடு வழிபாட்டறிவும் வேண்டும் என்ற 1967ஆம் ஆண்டு அறிவுரையின் பொருள் விளங்கும். வருகைப் பாடல் பவனியோடு நடக்கிறது, காணிக்கைப் பாடல் காணிக்கைகள் பீடத்தில் வைக்கப்படும்வரையேனும் தொடர்கிறது, திருவிருந்துப் பாடல் குருவானவர் நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்குகிறது. ஒவ்வொரு பாடலும் ஒரு செயலுக்குத் துணையாக வருவதால், எங்கே நிறுத்துவது என்பதைப் பாட்டுப் புத்தகத்தைவிடப் பீடத்தைப் பார்த்தே முடிவுசெய்யவேண்டும். தவக்காலத்தில் கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே பயன்படவேண்டும், தனியே முழங்கக்கூடாது என்பது விதி. மகிழ்ச்சி ஞாயிறு எனப்படும் நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாள்களும் மட்டுமே விலக்கு. நீண்ட முன்னிசையும் இடையிசையும் இன்றி நாற்பது நாள் பாடும் குழு, தன் குரல்களின் பலமும் பலவீனமும் எவை என்பதை அப்போதுதான் அறிகிறது. ஆகையால் குரல்பயிற்சிக்குத் தவக்காலத்தைப்போல் உகந்த பருவம் வேறில்லை.

பயிற்சி முகாமை அமைக்கும் முறை

மறைவட்ட அளவில், அதாவது அண்டைப் பங்குகள் சிலவற்றை உள்ளடக்கிய வட்டாரத்தின் அளவில், நடத்தப்படும் முகாம்களே பெரும் பயன் தருகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் நடத்துவதைவிட மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு சனிக்கிழமை நடத்துவது மேல். ஞாயிறு காலையில் ஒவ்வொரு குழுவும் தன் பங்கில் பாடியாகவேண்டும். கருவி வாசிப்போருக்குத் திருமண முகூர்த்தங்கள் இருக்கும். மாணவருக்குத் தேர்வுகள் வரும். முகாமின் நாளைக் குறிக்கும்முன் இம்மூன்றையும் பார்க்காதவர் காலி நாற்காலிகளுக்குத்தான் வகுப்பெடுக்க நேரும்.

முகாமுக்கு வந்தவர்களைப் பங்குவாரியாக அமரவிடாமல் குரல்வாரியாக அமர்த்துவது முதல் உத்தி. தன் பங்குத் தோழியோடு ஒட்டிக்கொண்டு வந்த பெண் அறிமுகமில்லாத இருவருக்கு நடுவே நின்று பாடும்போது, சாய்ந்துகொள்ளப் பழகிய குரல் பக்கத்தில் இல்லாததால், கேட்கத் தொடங்குகிறாள். நண்பகல் உணவின்போது அந்த இருவரும் அவளுக்கு அறிமுகமாகிவிடுகின்றனர். காலையில் அனைவருக்கும் குரல்பயிற்சி, பின்னர் பாடகர், திருப்பாடல் பாடுவோர், கருவியாளர், குழுத்தலைவர் என நான்கு பிரிவாகத் தனிவகுப்பு, மாலையில் மீண்டும் அனைவரும் ஒன்றுசேர்தல் என்ற அமைப்பு நன்கு பொருந்துகிறது. கற்றுத்தருவது மூன்றே மூன்றாக இருக்கட்டும்: ஒரு பதிலுரைப் பாடல் மெட்டு, ஓர் அல்லேலூயா, ஒரு திருவிருந்துப் பாடல். பதினைந்து பாடல்களின் நகலோடு வீடு திரும்பிய குழு அடுத்த ஞாயிறு பழைய பாடல்களையே பாடுவதும், மூன்று பாடல்களோடு திரும்பிய குழு அந்த மூன்றையும் பாடுவதும் பல முகாம்களில் கண்ட உண்மை.

நாளின் இறுதியில் திருப்பலி நிறைவேற்றி, கற்றவற்றை அங்கேயே பாடுவது இன்றியமையாதது. அமெரிக்காவில் 1964இல் உருவான திருச்சபை இசைச் சங்கம் கோடைதோறும் நடத்தும் ஒருவாரக் கூடுகையில், பகலில் பயின்றதை அன்றன்றைய வழிபாட்டிலேயே பாடும் முறை கடைப்பிடிக்கப்படுகிறது. தேர்ந்த இசைஞரும் முதன்முறையாகக் கிரகோரியன் குறியீட்டைப் பார்ப்பவரும் ஒரே ஆலயத்தில் ஒன்றாகப் பாடுவதால், அங்கே பயிற்சியின் முடிவு மேடையேற்றமாக அன்றி வழிபாடாகவே அமைகிறது. அந்த முறையைத் தமிழகச் சூழலுக்குக் கொண்டுவரச் செலவு ஏதும் இல்லை.

மாறாக, முகாமின் இறுதியில் பாட்டுப் போட்டி வைப்பது கூட்டம் சேர்க்குமே தவிரத் தோழமை சேர்க்காது. பரிசு பெறாத குழு தன் பங்குக்குத் திரும்பும்போது கற்றதை மறந்து நடுவரை நினைத்துக்கொண்டே செல்கிறது. பங்குகளுக்கிடையே பரிமாற்றம் வேண்டுமென்றால் அதற்கான வழி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது: பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்தைத் தொடர்ந்த நவநாள்களில் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு பங்கு வந்து சிறப்பிக்கும் வழக்கம். விருந்தினராக வரும் குழு தன் திறமையைக் காட்டும் புதிய பாடல்களைத் தவிர்த்து, அந்த ஊர் மக்கள் அறிந்த பாடல்களை முன்கூட்டியே கேட்டறிந்து பாடினால், அந்த ஒரு மாலையே இரு குழுக்களுக்கும் பயிற்சியாகவும் உறவாகவும் அமைந்துவிடும்.

குழுவுக்குள் எழும் பூசல்கள்

குழுக்கள் உடைவதற்கு இசை காரணமாவது அரிது. மைக் யார் கையில், தனிக்குரல் யாருக்கு, பாடலைத் தேர்ந்தெடுப்பது யார், கருவியாளருக்கு ஊதியம் உண்டா இல்லையா என்ற நான்கு கேள்விகளில் ஒன்றே பெரும்பாலும் காரணம். இவற்றை மனப்பெருந்தன்மைக்கு விட்டுவிடாமல் முறைமையால் தீர்ப்பதே அறிவுடைமை. இருபது பேருக்கு ஆறு மைக்குகள் வைத்தால் மற்ற பதினான்கு பேர் குழுவில் இருந்தும் இல்லாதவராகின்றனர். இரண்டு மைக்குகளைச் சற்றுத் தள்ளி நிறுத்தி அனைவரும் அவற்றைச் சுற்றி நின்றால், ஒலிபெருக்கியில் கேட்பது குழுவின் குரலாக இருக்கும். தனிக்குரலுக்குத் திருப்பாடல் அடிகளை முறைவைத்துப் பகிர்ந்து, மாதப் பட்டியலை முன்னரே ஒட்டிவிடலாம். பாடல் தேர்வை அன்றைய வாசகங்களை முதலில் படித்துவிட்டுக் கூடிச் செய்தால், ‘எனக்குப் பிடித்த பாடல்’ என்ற பேச்சு தானே அடங்கும். ஊதியத்தைப் பொறுத்தவரை, கொடுப்பதோ கொடுக்காததோ எதுவாயினும் பங்குப் பேரவையில் வெளிப்படையாக முடிவுசெய்து எழுதிவைப்பது நல்லது. மறைவாகக் கொடுக்கப்படும் சிறுதொகை, கொடுக்கப்படாத பெருந்தொகையைவிட அதிகக் கசப்பை உண்டாக்குகிறது.

தோழமைக்குச் சுற்றுலாவைவிட ஆழமான அடித்தளம் ஒன்று உண்டு: உறுப்பினர் வீட்டுத் துக்கத்தில் குழு முழுவதும் சென்று பாடுவது. அடக்கத் திருப்பலியில் ஒருமுறை ஒன்றாகப் பாடிய குழுவில் புதியவருக்கும் மூத்தவருக்கும் இடையிலான தூரம் பெரிதும் குறைந்துவிடுகிறது. நவம்பர் 22இல் செசிலியாவின் திருநாளைக் கொண்டாடும் குழுக்கள் அந்த மாதமே இறந்தோரை நினைவுகூரும் மாதமாகவும் இருப்பதைக் கருத்தில்கொண்டு, மறைந்த பாடகர்களின் பெயர்களை அன்று வாசிப்பதுண்டு. இளையோர் தாங்கள் பாடும் நோட்டுப் புத்தகத்தில் உள்ள கையெழுத்து யாருடையது என்பதை அப்போதுதான் அறிகின்றனர்.

இவை யாவற்றையும் ஒரே பழக்கத்தில் சோதித்துப் பார்க்க இயலும். ஒத்திகையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கீபோர்டையும் ஒலிபெருக்கியையும் அணைத்து, குழுவினர் வட்டமாக நின்று, வரும் ஞாயிற்றின் பதிலுரை வரியை மிகத் தாழ்ந்த குரலில் பாடட்டும். எவருடைய குரலேனும் தனித்துக் கேட்டால் அவர் குறைக்கவேண்டும்; எவருடைய குரலேனும் கேட்கவில்லையென்றால் மற்றவர் அனைவரும் இன்னும் குறைக்கவேண்டும். முதல் சில வாரங்களில் சிரிப்பும் கூச்சமும் எழும்; பின்னர் ஒரு மாலையில் இருபது குரல்களும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அந்த மாலைக்குப் பின் வரும் ஞாயிற்றில், குழு வரியைப் பாடி முடித்ததும் மக்களின் பக்கமிருந்து வரும் பதில் வழக்கத்தைவிடச் சற்று உரக்கக் கேட்பதைக் குழுவினரே கவனிப்பர். அதைக் கவனிக்கும் அளவுக்கு அவர்களின் செவி பழகிவிட்டது என்பதே பயிற்சி பலித்ததன் அடையாளம்.